ஒரே போர்வையில் வெட்டிய கோட்

சின்யோரா அகாத்தாவின் தையற்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து, இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் சென்ற வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். சோவியத் நாட்டில் ஒளிந்து ஒளிந்து ரொக் பாடியவர்களைப் பற்றிய இசைப்படம் ஒன்றுக்கு நாங்கள் தொண்ணூறுகளில் உடை தைத்துக் கொடுத்தோம். அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டிருக்கிறார்கள். பாடகன் போட்டிருந்த மண்ணிறக் கோட் ரஷ்யாவிலிருந்தே கொண்டுவந்த பழங்கோட்டா என்று அவர்களுக்குள் வாக்குவாதம். இல்லை, பலேர்மோவில் என் மேசையில் ஒரு கம்பளிப் போர்வையை வெட்டித் தைத்தது என்றேன். அவர்கள் நம்பவில்லை. அப்படியென்றால் நடந்ததை எழுதித் தரும்படி கேட்டார்கள்.

இத்தாலிய மொழியில் பேச எனக்கு வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மகள் மொழிபெயர்த்துக் கொடுப்பாள். இத்தாலியர்கள் பேசியதையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் அது என் காதில் இருக்கிறது. வாசிக்கிற யாராவது பிலோமினா பெருமையடிக்கிறாள் என்று சொன்னால் சொல்லட்டும். செய்த வேலைக்குப் பெருமைப்படக்கூடாதென்று என் தொழிலில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவள். அங்கே கைமெசினில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளும் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகளும் தைத்துக்கொண்டிருந்தேன். கணவர் அன்ரன் முதலில் இங்கே வந்து, துறைமுகத்தில் நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகும் கப்பல்களைத் துப்புரவாக்கும் வேலையில் சேர்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் வந்து, எல்லோரையும் போல ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வீட்டுச் சாப்பாட்டறை யன்னல் சீலைகள் நிலத்தில் இழுபட்டன. ஒருநாள் அவற்றை மடித்துக் கையால் தைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த ஒரு பெண்மணி சாப்பாட்டின் நடுவே எழுந்து, சீலையின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார். இதைத் தைத்தது யார் என்று கேட்டார். அவர்தான் சின்யோரா அகாத்தா. நாடக மேடைகளுக்கும் கோயில் பவனிகளுக்கும் உடை தைக்கும் கூடம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்.

அங்கே முதல் எட்டு மாதம் நான் ஒரு தையலும் தைக்கவில்லை, பிரித்தேன். நாற்பது ஐம்பது வருடத்து மேடை உடைகளை இழை இழையாகப் பிரித்து, துணியைக் கழுவி அடுக்குவது மட்டுமே வேலை. சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எட்டு மாதத்தில், முகமே தெரியாத ஐம்பது தையற்காரர்கள் எங்கெங்கே சிரமப்பட்டார்கள், எங்கெங்கே ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் என் விரல் நுனிக்கு வந்துவிட்டது.

சின்யோரா அகாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த, உயரமான மனுசி. கணவரை இளமையிலேயே இழந்தவர். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நான் வேலை செய்த வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைகூட என்னை 'நீ' என்றுதான் கூப்பிடும். சின்யோரா அகாத்தா முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை என்னை 'நீங்கள்' என்றே அழைத்தார். கூடத்தைக் கூட்ட வந்த பெண்ணுக்கும் அதே மரியாதை. காலையில் வந்ததும் முந்தின நாள் நாங்கள் தைத்து வைத்ததை ஒவ்வொன்றாக எடுப்பார். உட்புறம் வெளியே வரத் திருப்பி, யன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். சரியென்றால் வாய் திறக்காமல் கொழுவியில் மாட்டுவார். பிழையென்றால் பெருவிரல் நகத்தால், பிழைத்த அந்த இடத்தில் மட்டும் ஒரு நூலை இழுத்துவிட்டுத் திரும்ப மேசையில் வைப்பார். திட்டும் கிடையாது, பாராட்டும் கிடையாது. ஒரு துறவி உடையின் இடது கையை நான் நாலு காலை தொடர்ந்து நூல் இழுபட்ட நிலையில் திரும்பப் பெற்றேன். ஐந்தாம் காலை அது கொழுவியில் தொங்கியது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வுச்சீரியாச் சந்தையில் நல்ல மீனாக வாங்கிக்கொண்டு போனேன்.

அப்படி நாலைந்து வருடம் போனபிறகு அந்தப் படம் வந்தது.

லெனின்கிராட்டில் எண்பதுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை. நாலு இளைஞர்கள் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டை வானொலியில் போட மாட்டார்கள், இசைத்தட்டாக வெளியிட மாட்டார்கள். நண்பர்களின் வீட்டு அறைகளிலும் நிலவறைகளிலும் பாடுவார்கள். யாரோ பதிவு செய்வார்கள், அதிலிருந்து இன்னொருவர் பிரதியெடுப்பார், அப்படியே ஊரெல்லாம் பரவும். கடைசியில் ஒரு மண்டபத்தில் பாட அனுமதி கிடைக்கிறது. ஆனால் கேட்க வந்தவர்கள் கதிரையை விட்டு எழும்பக்கூடாது, கை தூக்கக்கூடாது. சுவரோரமாக நின்று பார்க்க ஆட்கள் இருப்பார்கள். கதை அதுதான், நடுவே பத்துப் பன்னிரண்டு பாட்டுகள். ரஷ்யாவில் எடுக்க வசதியில்லாமல், பலேர்மோவின் சீசாப் பகுதியில் மூடிக்கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையின் கொட்டகைகளை எடுத்து, உள்ளே லெனின்கிராட்டைக் கட்டினார்கள். வெளியே பலேர்மோவின் மே மாத வெக்கை. உள்ளே கடதாசித் தூளில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட பலேர்மோ ஆட்கள் இடைவேளைக்கு வெளியே வந்து எலுமிச்சை ஐஸ் சாப்பிட்டார்கள்.

உடைகளுக்கு மேலாள் ரோமிலிருந்து வந்த ஃபப்ரிசியோ. முப்பத்தைந்து வயதிருக்கும், படித்தவர், கெட்டிக்காரர். புதுத் துணியைப் பழையதாக்குவதில் அவருக்கு நிகரில்லை. முழங்கையைச் சீஸ் துருவியால் தேய்ப்பார். சட்டைப் பைகளில் கல்லைப் போட்டு, நனைத்துத் தொங்கவிட்டுத் தளர்த்துவார். தேயிலைச் சாயத்தில் கழுத்துப்பட்டியை அழுக்காக்குவார். ஒரே நாளில் ஒரு உடுப்புக்குப் பத்து வயது கூட்டிவிடுவார். கூடத்தில் தைத்த எங்கள் எட்டுப் பேருக்கும் அது பார்க்கப் பெரிய வித்தையாகவே இருந்தது.

பிரச்சினை பாடகனின் கோட்டில் வந்தது. மண்டபக் கச்சேரிக்கு அவனுடைய தாய் தைத்துக் கொடுத்த கோட் அது என்று கதையில் வருகிறது. முதலில் நல்ல கறுப்புக் கம்பளியில் ஒன்று தைத்தோம். ஃபப்ரிசியோ அதைத் தேய்த்து, கிழித்து, பழசாக்கினார். இயக்குநர் பார்த்துவிட்டு, இவன் பலேர்மோ மக்கேதா வீதியில் கோப்பி குடிக்கப் போகிறவன் மாதிரி இருக்கிறான் என்றார். இரண்டாவதாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று, இன்னும் கூடக் கிழிசலோடு. அதுவும் சரிவரவில்லை.

இயக்குநருக்கு ஆலோசகராக ஒரு ரஷ்யர் இருந்தார். பெயர் கொஸ்த்யா. அந்தக் காலத்து லெனின்கிராட்டில் கிற்றார் வாசித்தவர்களில் ஒருவர். நாடு உடைந்த பிறகு சுற்றுலாக் கப்பல்களில் நடன இசை வாசித்துப் பிழைத்தார். அப்படிப் பலேர்மோவில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டவர். கோட்டைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், இல்லை என்பார். என்ன பிழை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நடிகனுக்குக் கிற்றார் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கை விறைக்கிறது, ஏன் இப்படி என்று நடிகன் கேட்டால், நாங்கள் அப்படித்தான் வாசித்தோம் என்பதுதான் பதில். பாட்டின் முடிவில் பாடகன் வலக்கையை உயர்த்த வேண்டும் என்று இயக்குநர் எழுதியிருந்தார். அதுவும் கொஸ்த்யாவுக்குப் பிடிக்கவில்லை. யாரும் அப்படிக் கையைத் தூக்கியதில்லை என்றார்.

ஒரு புதன்கிழமை சின்யோரா அகாத்தா எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார். கச்சேரிக் காட்சி திங்கட்கிழமை. அதற்குள் கோட் சரிவராவிட்டால், ரோமிலுள்ள வாடகை உடைக் கடையிலிருந்து எல்லாவற்றையும் எடுப்பார்கள். மிச்சப் படத்துக்கும் அவர்களே உடை தருவார்கள். அந்த வருடம் நாடக வேலை குறைவு. படமும் போனால் எட்டுப் பேரையும் வைத்திருக்கத் தன்னால் முடியாது. அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். என் பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்கும் அனுமதி, அப்போது புதுப்பிப்பதற்காகப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. வேலை இருக்கிறது என்ற கடிதத்தை அந்த மாதமே கொடுக்க வேண்டும்.

அந்தக் கோட்டில் என்ன பிழை என்று எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் அன்ரனிடம் சொன்னேன்.

"அப்ப அதைப் போய்ச் சொல்லுமன்" என்றார்.

"ஆரிட்டைச் சொல்லுறது? ரோமிலை படிச்ச மனிசனுக்கு நான் தையல் சொல்லிக் குடுக்கிறதே?"

"அவர் ரோமிலை படிச்சவர். நீர் ஒண்டுமில்லாத இடத்திலை தைச்சனீர். அதுவும் படிப்புத்தான்."

அவர் சொன்ன ஒன்றுமில்லாத இடம் எங்கள் ஊர்தான். நான் புறப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, புதுத்துணி வந்து எவ்வளவோ காலம். என் தம்பி பங்குக் கோயில் இசைக்குழுவில் பாடுகிறவன். திருநாளுக்கு மேடையேறப் போட அவனிடம் ஒரு சட்டை இல்லை. பங்குச் சுவாமியாரிடம் கேட்டு, அவர் தங்கும் அறைவீட்டின் யன்னல் சீலை ஒன்றை வாங்கி, நீளக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். துணி போதாமல் கழுத்துப்பட்டியின் அடிப்பக்கத்துக்கு மாவு மூட்டைத் துணி வைத்தேன். சிரட்டைக்கரி போட்ட அயன்பெட்டியால் மினுக்கி, மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனான். கடையில் வாங்கியது போல இருக்கிறது என்று சொல்லி ஆட்கள் தொட்டுப் பார்த்தார்கள். அன்று அங்கே பாடிய யாருடைய உடுப்பிலும் ஒரு கிழிசல் கிடையாது. கிழிசலோடு மேடையேற எந்தத் தாயும் தமக்கையும் விடமாட்டார்கள்.

வியாழக்கிழமை காலை சின்யோரா அகாத்தாவின் மேசைக்குப் போனேன். ஃபப்ரிசியோவும் அங்கே நின்றார். என் இத்தாலியன் அப்போது அவ்வளவு நல்லதில்லை. ஆனாலும் சொன்னேன். நாங்கள் தைத்த இரண்டும், கடையில் வாங்கிப் பிறகு கெட்டுப்போன கோட்டுகள். துணி கிடைக்காத நாட்டில் ஒரு தாய் தைக்கிற கோட் கிழிந்திருக்காது. அழுத்தித் தைத்து, நன்றாக அயன் பண்ணியிருக்கும். துணி போதவில்லை என்பது அதன் கிழிசலில் தெரியாது, அவள் எங்கெங்கே ஒட்டுப் போட்டு மறைத்திருக்கிறாள் என்பதில்தான் தெரியும்.

ரொக் இசையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று ஃபப்ரிசியோ கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார்.

"அது தெரியாது" என்றேன். "துணி இல்லாமல் தைக்கத் தெரியும்."

சின்யோரா அகாத்தா கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, பிலோமினா" என்றார்.

ஒரு கம்பளிப் போர்வை வேண்டும் என்றேன். மூவரும் வுச்சீரியாப் பக்கம் போனோம். அங்கே பழைய இராணுவச் சாமான் விற்கும் ஒருவரிடம் மண்ணிறப் போர்வைகள் இருந்தன, இரண்டு ஓரத்திலும் கரும்பட்டி போட்டவை. பிழைத்தால் கைகாவலாக இருக்கட்டும், இரண்டாக வாங்குவோம் என்றார் ஃபப்ரிசியோ. வேண்டாம் என்றேன். இரண்டு இருக்கிறதென்று தெரிந்தால் என் கை வேறு மாதிரி வெட்டும். கதையிலுள்ள தாயிடம் ஒன்றுதானே இருந்தது. சின்யோரா அகாத்தா ஒன்றுக்கு மட்டும் காசு கொடுத்தார்.

நடிகன் நல்ல உயரம். போர்வை நீளம் இரண்டு மீற்றர், அகலம் ஒன்றரை. அந்த உயரத்துக்கு முழங்கால் வரை வரும் கோட்டுக்கு அது போதாது. அரை நாள் கத்திரிக்கோலைத் தொடவில்லை. சோக்கட்டியால் கோடு போடுவதும் தட்டி அழிப்பதுமாக இருந்தேன். முன்பக்கம் இரண்டும் ஒட்டில்லாமல் முழுசாக வர வேண்டும், மேடையில் தெரிவது அதுதான். முதுகில் நடுவே ஒட்டு வரலாம், நேர்கோடாக வந்தால் தையற்காரனின் வேலை போலவே தெரியும். கைகளுக்கு முழுத்துண்டு இல்லை, உட்பக்கம் முழங்கைக்கு மேலே ஒட்டு வைத்தேன். கழுத்துப்பட்டியின் மேற்பக்கம் மட்டும் கம்பளி, அடிப்பக்கம் கூடாரத் துணி. சட்டைப் பையின் உட்புறத்துக்கு மாவு மூட்டை. முன்விளிம்பின் உட்புறத்துக்குப் படுக்கை விரிப்பு. போர்வையின் கரும்பட்டியை மறைக்க வழியில்லை. அதனால் அதை மறைக்காமல் கீழ் விளிம்பில் சுற்றிவர வைத்தேன், வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போல வந்தது. பொத்தான் தெறிகள் ஐந்து. மூன்று ஒரே மாதிரி, இரண்டு வேறு. ஒரே மாதிரியான மூன்றையும் மேலே தைத்தேன். வேறானவை கீழே, கிற்றார் மறைக்கும் இடத்தில்.

முழங்கையைக் கொஞ்சமாவது தேய்க்கட்டுமா என்று ஃபப்ரிசியோ துருவியோடு வந்தார். இந்தக் கோட்டுக்கு வயது ஒரு கிழமை, தாய் நேற்றுத்தான் தெறி தைத்து முடித்தாள் என்றேன். துருவியை வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நடிகனுக்குப் போட்டுப் பார்த்தோம். இயக்குநர் நடிகனைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு படப்பிடிப்பாளரைக் கூப்பிட்டு, வெளிச்சத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கோட்டைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் சம்மதம் என்று சின்யோரா அகாத்தா என் காதில் சொன்னார். கொஸ்த்யா கிட்ட வந்து, கீழேயுள்ள வேறான தெறியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை ஒத்திகை. முன்னால் கதிரை போட்டு ஆட்கள் நிறைய இருந்தார்கள். நடிகன் முழங்கையை விலாவோடு ஒட்டியபடி பாட்டை வாசித்து முடித்து, இயக்குநர் எழுதியபடி வலக்கையை உயர்த்தினான். கமக்கட்டில் தையல் விட்டது. துணி கிழிபடும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிழை என்னுடையது. கையைத் தொங்கவிட்டு நின்ற மனிதனுக்கு அளவெடுத்தேன். கையை உயர்த்தப் போகிறவனுக்கு எடுக்கவில்லை. துணியை மிச்சம் பிடிக்கிற யோசனையில் கைத்துளையை இறுக்கி வெட்டிவிட்டேன். சின்யோரா அகாத்தா வந்து, கிழிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் வேணும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மணித்தியாலம் என்றேன். ஃபப்ரிசியோ ரோமுக்குத் தொலைபேசி எடுக்கப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை ஏதாவது ஒரு கோட் இருக்க வேண்டியது அவருடைய பொறுப்பு.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து கோட்டை மடியில் வைத்தேன். கமக்கட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு இறக்கினால் கை தாராளமாக உயரும். ஆனால் போர்வையில் உள்ளங்கையளவுத் துண்டுகூட மிஞ்சவில்லை. இன்னொரு போர்வை வாங்கி வரச் சொல்லவா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு, அந்தத் தாய் இந்த இடத்தில் என்ன செய்திருப்பாள் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கிற எதையாவது வெட்டியிருப்பாள். கழிவுத்துணிப் பெட்டியில் ஒரு பழைய ஆண்கள் காற்சட்டை கிடந்தது, நீலம் கலந்த சாம்பல் நிறம். அதன் காலிலிருந்து வெட்டினேன்.

கமக்கட்டில் சாய்சதுரம் வைக்கிற வேலையில் கடினம் மூலையில்தான். துளையின் மூலை வரைக்கும் வெட்ட வேண்டும், ஒரு இழை கூடினால் பிரிந்துகொண்டே போகும், ஒரு இழை குறைந்தால் சுருங்கும். மூலையில் சின்னப் பட்டுத்துண்டு ஒன்றை அடியில் வைத்து உறுதிப்படுத்தி, ஊசியை நிமிர்த்திப் பிடித்துப் பின்தையலாகக் கையாலேயே தைத்தேன். நாலு மூலை, இரண்டு கமக்கட்டு. நான் இரண்டாவதைத் தைக்கும்போது கொஸ்த்யா வந்து எனக்கு முன்னால் குந்திக்கொண்டார். சாம்பல் துண்டைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய இத்தாலியனும் என்னுடையதைப் போல ஒட்டுப் போட்டதுதான்.

"இது என்ரை அம்மா செய்தது" என்றார்.

விளங்கவில்லை என்றேன்.

அவர் சொன்னார். அவருடைய முதல் கச்சேரிக்கு அம்மா ஒரு போர்வையில் கோட் தைத்துக் கொடுத்திருக்கிறார். கமக்கட்டில் துணி போதாமல், அப்பாவின் காற்சட்டையில் ஒரு துண்டு வெட்டி வைத்திருக்கிறார். அந்தத் துண்டு தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில், பாட்டு முடியும் வரை அவர் முழங்கையை விலாவை விட்டு எடுக்கவே இல்லை.

"பிறகு வந்த பெடியள் எல்லாரும் அப்பிடியே கையை ஒட்டிக்கொண்டு வாசிச்சவங்கள். அதை ஒரு ஸ்டைல் எண்டு நினைச்சிட்டாங்கள். நானும் உண்மையைச் சொல்லேல்லை."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"இல்லை. நீங்கள்தான் முதல் ஆள்."

அப்போது அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று கேட்டுக்கொண்டு இயக்குநர் வந்தார். கொஸ்த்யா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, அந்தக் கதை முழுவதையும் அவருக்கும் சொன்னார். இயக்குநர் என் மடியிலிருந்த கோட்டை எடுத்து, கையை விரித்து, அந்தச் சாம்பல் துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். தாள் ஒன்றை எடுத்து அங்கேயே நின்றபடி எழுதினார். அடுத்த நாள் ஞாயிறு. நாங்கள் பூசைக்குப் போய்விட்டு வந்து ஓய்ந்திருந்த நேரத்தில், அவர் காட்சியையே மாற்றி எழுதியிருக்கிறார். தாய் கமக்கட்டில் துண்டு வைக்கும் காட்சி ஒன்று புதிதாக வந்தது. அதில் தாயாக நடித்தவருக்கு ஊசி பிடிக்கக் காட்டிக் கொடுத்தது நான்.

திங்கட்கிழமை கச்சேரிக் காட்சி. நாங்கள் எட்டுப் பேரும் காமராவுக்குப் பின்னால் சுவரோரம் நின்றோம். நடிகன் அந்தப் பாட்டு முழுவதையும் முழங்கை அசையாமல் வாசித்தான். வாசிக்கிறவன் ஏன் அப்படி வைத்திருக்கிறான் என்பது இப்போது அவனுக்கே தெரியும், அதனால் முகம் வேறாக இருந்தது. முன்னால் இருந்தவர்கள் கை தூக்காமல், கதிரையை விட்டு எழும்பாமல், அந்த வெக்கையில் கம்பளி உடுப்போடு உறைந்துபோய் இருந்தார்கள். கடைசி அடி முடிந்தது. ஒரு மூச்சளவு அவன் அப்படியே நின்றான். பிறகு வலக்கையை முழுதாக உயர்த்தினான். மண்ணிறக் கோட்டின் கீழிருந்து சாம்பல் துண்டு விரிந்து தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற கொஸ்த்யாவின் வலக்கையும் மெதுவாக உயர்ந்தது. தூக்கினது அவருக்கே தெரிந்திருக்காது.

இயக்குநர் நிறுத்தச் சொன்ன பிறகு சின்யோரா அகாத்தா நடிகனிடம் போய்க் கோட்டைக் கேட்டு வாங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை உட்புறம் வெளியே வரத் திருப்பி, வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். வியர்வையில் ஊறியிருந்தது. கமக்கட்டின் நாலு மூலையையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அவர் நூல் இழுப்பார் என்று காத்திருந்தேன். அவர் கோட்டைத் திருப்பி, தோளை நேராக்கி, கொழுவியில் மாட்டினார்.

அந்த மாதமே வேலைக் கடிதத்தைக் குவெஸ்தூராவில் கொடுத்தேன். எட்டுப் பேரில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு இன்னும் படங்கள் வந்தன. சில வருடங்களில் கூடத்தின் வெட்டுமேசை என் பொறுப்புக்கு வந்தது, ஓய்வு பெறும் வரை என்னிடமே இருந்தது. படம் பலேர்மோவில் ஓடிய நாட்களில் அன்ரன் தன்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். மனுசன் பாட்டுக்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கோட் வருகிற இடத்திலெல்லாம் பக்கத்திலிருந்தவரைத் தட்டிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது அந்தத் திங்களுக்கு அடுத்த நாள். காலை எட்டு மணிக்கு நான் கூடத்துக்குப் போனபோது, என் மேசையில் மூன்று போர்வைகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம். குழுவின் மற்ற மூவருடைய உடுப்பையும் மாற்றித் தைக்கச் சொல்லி இயக்குநர் கேட்டிருக்கிறார். ரோமுக்குச் சொல்லியிருந்ததை ஃபப்ரிசியோவே நிறுத்திவிட்டிருந்தார். சின்யோரா அகாத்தா முதல் போர்வையைப் பிரித்து மேசையில் விரித்தார். தன் கத்திரிக்கோலை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"நீங்கள் வெட்டுங்கோ" என்றார்.

போர்வை பெரிது, மேசையை விட்டு ஒரு பக்கம் வழுக்கியது. இழுபட்டால் கோடு கோணும். யாராவது மறுநுனியைப் பிடிக்க வேண்டும் என்றேன். சின்யோரா அகாத்தா திரும்பிப் பார்த்தார். ஃபப்ரிசியோ மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து, குனிந்து, இரண்டு கையாலும் நுனியைப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். உயர்த்திப் பிடித்தார். நான் வெட்டத் தொடங்கினேன்.